உயிரோடு இருக்கிறவனுக்கு அடித்த சாவு அடி

எங்கள் உறுமி மேளக் குழு சாவுக்குப் போகாது. கோயில் திருவிழா, கல்யாண ஊர்வலம், கடை திறப்பு, யாராவது மக்கள் பிரதிநிதி, ஒய்.பி., வருகிறார் என்றால்கூடப் போவோம். சாவு வீடு மட்டும் கிடையாது. அதற்கென்றே வேறு குழுக்கள் இருக்கின்றன. இது எங்கள் தலைவர் அண்ணன் போட்ட சட்டம். அவர் பத்து பெரண்டாமில் ஒரு ஃபேக்டரியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். உறுமி தேய்ப்பதில் மலாக்காவில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை என்பது என் கருத்து, சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம். தன் சொந்த அப்பா செத்தபோதுகூட அவர் உறுமியைத் தொடவில்லை. வேறு குழுவைக் கூப்பிட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நடந்தார்.

குழுவில் நான் தாளம். பேஜ், வீடியோ, கமெண்ட்டுக்குப் பதில், கெட்ட வார்த்தை போடுகிறவனுக்குத் திருப்பிப் போடுவது எல்லாமும் நான்தான். படித்து முடித்துவிட்டு வேலைக்கு எழுதிப் போட்டுக்கொண்டே இருப்பதால் நேரத்துக்குப் பஞ்சமில்லை. அண்ணன் என்னைப் "பாப்பா" என்பார், சில சமயம் "டிகிரி" என்பார். அதில் பாதி மரியாதை, பாதி நக்கல்.

அந்தப் பையன் எங்களுக்குக் கிடைத்தது அந்தப் பேஜில்தான். எந்த நாடு என்று எழுதப் போவதில்லை. அங்கே இன்னும் ஆட்கள் ஜெயிலுக்குள் இருக்கிறார்கள். அவன் ஒரு டிரம்மர். எங்கள் வீடியோ ஒன்றை எங்கிருந்தோ பிடித்து, பக்கத்திலேயே தன் வீடியோவை ஒட்டி, நாங்கள் அடிக்க அடிக்க அவனும் அடித்திருந்தான். அண்ணன் பார்த்துவிட்டு போனைக் கீழே வைக்கவே இல்லை.

"யாரு பாப்பா இவன்? நம்ம அடிய நம்மகிட்டயே திருப்பி விக்கிறான்!"

அதற்கு நாங்கள் ஒன்று போட்டோம். அவன் திரும்ப ஒன்று போட்டான். மாதக்கணக்கில் இப்படியே ஓடியது. அண்ணனுக்கு இங்கிலீஷ் வராது, அவனுக்குத் தமிழ் தெரியாது, நடுவில் நான். போஸ்ட் பண்ணாமல் வைத்திருக்கும் அடி ஏதாவது உண்டா என்று ஒரு தடவை அவன் கேட்டான். அண்ணன் சொன்னதை அப்படியே டைப் பண்ணினேன்: "உண்டு. அது உனக்கு வேண்டாம்." அவன் சிரிக்கிற முகம் ஒன்றை அனுப்பினான்.

பிறகு அவன் ஊரில் ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள். அவனும் டிரம்மைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு முன் வரிசையில் நின்றான். ஒரு நாள் அந்த நாட்டு அரசாங்கம் இண்டர்நெட்டை வெட்டியது. அதற்கு முன்னால் கடைசியாக வெளியே வந்த செய்தி, அவனைச் சுட்டுவிட்டார்கள், செத்துவிட்டான் என்பது. அவன் படத்தைச் சுற்றிப் பூ வைத்த போஸ்ட் ஓடியது. உலகம் முழுக்க இசைக்காரர்கள் ஆளுக்கொரு வீடியோ போட ஆரம்பித்தார்கள். ஒருத்தி செல்லோ வாசித்தாள், ஒரு கிழவர் சர்ச்சில் ஆர்கன் வாசித்தார், ஒருவன் பஸ் ஸ்டாப்பில் கித்தார். எல்லாவற்றிலும் கீழே அவன் பெயர்.

ஞாயிற்றுக்கிழமை ஜாசின் பக்கம் எங்கள் தோட்டத்துப் பாடாங்கில் பிராக்டிஸுக்குக் கூடினோம். செம்பனைக்கு நடுவே ஒரு பந்து மைதானம், பக்கத்தில் கொஞ்சம் வீடுகள், அவ்வளவுதான் தோட்டம். யாரும் மேளத்தை எடுக்கவில்லை. தவில் அடிக்கிறவன் என்னோடு படித்தவன். அவன்தான் ஆரம்பித்தான்.

"நம்மளும் போடணும் லா. நல்ல கோயில் அடியா ஒன்னு போட்டுருவோம்."

"செத்தவனுக்குக் கோயில் அடியா? மூளைய எங்க வச்சிட்டு வந்த?" என்றார் அண்ணன்.

"அப்ப என்னாண்ணே அடிக்கிறது?"

அண்ணன் உறுமியைத் தூக்கி வண்டியில் வைத்தார். "ஏறுங்க."

தோட்டத்தில் சாவு அடியை அடிக்க முடியாது. முதல் அடியிலேயே எல்லா வீட்டுக் கதவும் திறந்து, யார் போய்விட்டார்கள் என்று கேட்டு ஓடி வந்துவிடுவார்கள். அதனால் தஞ்சோங் கிளிங் கடற்கரைக்குப் போனோம். அங்கே யாருக்கும் தெரியாது என்று நினைத்தோம்.

சாவு அடி மெதுவானது. மூன்று அடி, பிறகு ஓர் இடைவெளி, அந்த இடைவெளிக்குள் உறுமியை மட்டும் வளைந்த குச்சியால் தேய்ப்பது. தொண்டை அடைத்தவன் பேச வருவது மாதிரி ஒரு சத்தம். சாவு வீட்டில் அந்த இடைவெளியில்தான் அழுகை வரும். அண்ணன் அதை ஒருநாளும் அடித்ததில்லை என்று என்னால் நம்ப முடியவில்லை. அவர் கை தானாகப் போனது. நான் தாளத்தை ஒரு கையிலும் போனை இன்னொரு கையிலும் பிடித்து எதற்கும் உதவாமல் நின்றேன். கடைசியில் தாளத்தைக் கீழே வைத்துவிட்டு வீடியோவை மட்டும் எடுத்தேன்.

கொஞ்சம் தள்ளித் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த மலாய்க்காரப் பாக்சிக், வயதானவர் ஒருவர், எழுந்து வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "சியாப்பா மெனிங்கால்?" என்று கேட்டார். யார் இறந்தது என்று. அடியைக் கேட்டே கண்டுபிடித்துவிட்டார், தோட்டத்துப் பக்கத்தில் வளர்ந்த மனுஷனாக இருக்க வேண்டும்.

"கவான்," என்றார் அண்ணன். நண்பன்.

வீடியோ பறந்தது. எங்கள் எந்தத் திருவிழா வீடியோவும் அந்த அளவுக்கு ஓடியதில்லை. எனக்குள் ஒரு பக்கம் குஷி, ஒரு பக்கம் சீ என்று இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி வரும் என்று தெரியவில்லை, ஆனால் வந்தது.

முதல் போன் கோயில் கமிட்டித் தலைவரிடமிருந்து. அடுத்த வாரம் அவர்கள் திருவிழாவுக்கு நாங்கள்தான் மேளம்.

"டேய் தம்பி, சாவு அடிச்சீங்களாமே! யாருப்பா செத்தது? உங்க சொந்தமா?"

"இல்ல மாமா, வெளிநாட்டுப் பையன்," என்றார் அண்ணன்.

"வெளிநாட்டுக்காரனுக்குத் தீட்டு எப்படிப்பா பாக்குறது? எதுக்கும் மஞ்சத்தண்ணி தெளிச்சிட்டு வந்துருங்க. ஜனங்க கேட்டா நான் சமாளிக்கிறேன்."

இது முடிந்த மறுநாள் அந்த நாட்டில் இண்டர்நெட் திரும்ப வந்தது. இரண்டு நாள் கழித்துப் பேஜுக்கு ஒரு மெசேஜ் வந்தது. எழுதியவள் அவனுடைய அக்கா.

அவன் சாகவில்லை. காலில் குண்டு. ஆஸ்பத்திரியிலிருந்தே தூக்கிக்கொண்டு போய் உள்ளே வைத்துவிட்டார்கள். பூ வைத்த படம் யாரோ தவறாகப் போட்டது. உங்கள் வீடியோவை எல்லோரும் பார்த்தோம், நன்றி, சாயங்காலம் ஆனால் ஜெயில் சுவருக்கு வெளியே நின்று அந்தத் தாளத்தைச் சட்டியிலும் பானையிலும் அடிக்கிறோம், அவன் காதில் விழட்டும் என்று. கூடவே ஒரு வீடியோ. கூட்டம் கூட்டமாக ஜனங்கள், பொம்பளைகள், பாட்டிகள், கையில் அலுமினியச் சட்டி. மூன்று அடி. பிறகு இடைவெளி. எங்கள் அழுகை வருகிற அந்த இடத்தில், அவர்கள் எல்லோரும் ஒரே குரலில் ஒரு வார்த்தை கத்தினார்கள். விடுதலை என்று அர்த்தமாம்.

எனக்குப் புல்லரித்துவிட்டது. குழுவுக்கு ஃபார்வர்ட் பண்ணினேன்.

அண்ணன் ஷிஃப்ட் முடிந்து நேராக, நானும் தவில்காரனும் காத்திருந்த பத்து பெரண்டாம் ஒட்டுக்கடைக்கு வந்தார். ஃபேக்டரி சட்டையைக்கூட மாற்றவில்லை. தே தாரேக், நுரை பொங்க ஆற்றிய டீ, வந்தது, தொடவே இல்லை.

"உசுரோட இருக்கறவனுக்கு அடிச்சிட்டோம்," என்றார். "நான் ஒருத்தன் அடிச்சது பத்தாதுன்னு இப்ப ஊரே அடிக்குது. அதுவும் அவன் காதுல விழணும்னே அடிக்குது. எழுது பாப்பா. நிறுத்தச் சொல்லு."

"ஆனா அவங்களுக்கு அது சாவு அடி இல்லண்ணே," என்றான் தவில்காரன். "அவங்களுக்கு அது வேற."

"அடிக்கு அது தெரியுமா?"

"அலாமா, அடிக்கு என்னாண்ணே தெரியும்? தோலும் குச்சியும்!"

"அப்ப உங்கப்பன உக்கார வச்சி எதிர அடிக்கிறியா? தோலும் குச்சியும்தான? அடி பாப்போம்!"

என்னை இரண்டு பேரும் பார்த்தார்கள். நான் டிகிரி அல்லவா.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் என் அப்பாவை உட்கார வைத்து எதிரே அடிப்பேனா? மாட்டேன். அப்படியானால் நம்பிக்கை இருக்கிறதா? துப்பாக்கிக்கு எதிரே சட்டியோடு நிற்கிறவர்களிடம், அம்மா, நீங்கள் அடிப்பது பிணத்துக்கு என்று சொல்வது என்ன நியாயம்? சொல்லாமல் விட்டால், தன் தம்பிக்கு என்ன அடிக்கிறோம் என்று தெரியாமலே அவள் தினமும் அடிப்பாள். அது மட்டும் நியாயமா? டைப் பண்ணினேன், அழித்தேன். மறுபடி டைப் பண்ணினேன். கடைசியில் உள்ளதை உள்ளபடி எழுதினேன். இது எங்கள் ஊரில் இறந்தவரைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோகும்போது அடிப்பது. அவன் இறந்துவிட்டான் என்று நினைத்து அடித்தோம். தலைவர் மிகவும் பயப்படுகிறார். மன்னிக்கவும். நிறுத்துங்கள் என்று எழுதவில்லை. எழுதச் சொன்னார், என் விரல் போகவில்லை.

அவள் டைப் பண்ணுகிற புள்ளிகள் வந்தன, போயின, வந்தன. நாங்கள் மூன்று பேரும் அந்தப் புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அழறாளோ?" என்றார் அண்ணன்.

கேள்வி ஒன்றுதான் வந்தது. சுடுகாட்டிலிருந்து திரும்பி வரும்போது என்ன அடிப்பீர்கள்?

அண்ணனுக்குச் சொன்னேன். அவர் முகம் ஒரு மாதிரி ஆனது.

"வரும்போது யாரு அடிப்பா? மேளத்தத் தோள்ல போட்டுட்டுச் சும்மா வருவாங்க. வரும்போது அடி கெடையாது."

அதையும் எழுதினேன். உடனே பதில் வந்தது. அப்படியானால் ஒன்று செய்து அனுப்புங்கள். அவன் திரும்பி வர வேண்டும். அதுவரை எங்களிடம் இருப்பதை அடிக்கிறோம், நிறுத்த முடியாது, நிறுத்தினால் வெளியே யாரும் இல்லை என்று உள்ளே இருப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

"இல்லாத அடிய எப்படிச் செய்றது?" என்றார் அண்ணன். கேட்டது என்னையா, தவில்காரனையா, தே தாரேக்கையா தெரியவில்லை.

மஞ்சத்தண்ணி தெளித்துக்கொண்டு திருவிழாவுக்குப் போனோம், அடித்தோம், ஜனங்கள் ஆடினார்கள். கமிட்டி மாமா ஓரமாக வந்து, "அந்தப் பையன் சாவலயாமே? அப்ப தீட்டே இல்லயேப்பா!" என்று சந்தோஷப்பட்டார். அண்ணன் சிரிக்கக்கூட இல்லை.

ஞாயிறுதோறும் முயன்று பார்க்கிறோம். வேகமாக அடித்தால் கோயில் அடி மாதிரி ஆகிவிடுகிறது. மெதுவாக அடித்தால் பழையதே வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஒன்றை அனுப்பினோம், ரொம்ப சந்தோஷமாக இருக்கிறது, அவன் இன்னும் வரவில்லையே என்று அவள் திருப்பி அனுப்பினாள். இன்னொன்று, இதற்கு நடக்க முடியவில்லை என்றாள். அங்கே சட்டிகள் இன்னும் அந்தப் பழைய அடியைத்தான் அடிக்கின்றன. அவன் இன்னும் உள்ளேதான் இருக்கிறான்.

இன்று மதியம் அண்ணனிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ். ஃபேக்டரியில் ரெஸ்ட் நேரம், பின்னால் ஏதோ மெஷின் ஓடுகிறது. ஃபோர்க்லிஃப்ட் ஸ்டியரிங் மேல் விரலால் அடித்திருக்கிறார். இரண்டு அடி, இடைவெளி, மூன்று அடி. அந்த இடைவெளியை அப்படியே விட்டிருக்கிறார், அவர்கள் கத்துவதற்கு.

"கேளு பாப்பா. திரும்பி வர்ற மாதிரி இருக்கா, போற மாதிரி இருக்கா?"

திரும்பத் திரும்பக் கேட்டேன். ஒரு தடவை வருகிற மாதிரி இருந்தது. அடுத்த தடவை போகிற மாதிரி இருந்தது. தெரியலண்ணே என்று அவருக்குப் போட்டுவிட்டு, மெஷின் சத்தத்தோடு அப்படியே அவளுக்கு அனுப்பிவிட்டேன்.