குப்பையைப் படம் எடுக்கச் சொன்னேன்

திறந்தவெளியில் பாடம் நடத்துகிற ஆசிரியருக்குக் கரும்பலகை கிடையாது, மின்விசிறி கிடையாது, தொண்டைத் தண்ணீர் மட்டும் தாராளமாக வற்றும். அதோடு செல்போனையும் சேர்த்துக்கொண்டு அவதிப்படும் சக ஆசிரியர்களே, உங்களுக்கு என் அனுதாபம்! திருவொற்றியூர் கடற்கரையில் ஒன்பதாம் வகுப்புக்குக் கடலோரப் பாதுகாப்பு நடத்தப் போகிறேன், பிள்ளைகள் வீட்டுப் போனைக் கொண்டுவரட்டும் என்று தலைமையாசிரியையிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு மாத அனுமதி வாங்கினேன். ஒரே ஒரு புகார் வந்தாலும் வகுப்பறைக்குத் திரும்பிவிட வேண்டும் என்பது நிபந்தனை.

துப்பட்டாவுக்குள் பாடம்

முதல் நாளே வெயில் எங்களை ஜெயித்துவிட்டது. வெளிச்சத்தில் போன் திரையில் அவரவர் முகம்தான் தெரிந்தது. கடைசியில் என் துப்பட்டாவை நான்கு பேர் பந்தல் மாதிரி பிடிக்க, அதற்குள் தலையை நுழைத்து, நண்டு வளையை எப்படிப் படம் எடுப்பது என்று விளக்கினேன். மீன் கூடையோடு போன ஓர் அம்மா நின்று பார்த்துவிட்டுக் கேட்டார்: "இன்னா டீச்சர், கடலு எதிர்லயே கீது. அத்த உட்டுட்டு துணிக்குள்ள இன்னாத்த பாத்துகினு கீறீங்க?"

அண்ணனுக்கும் சொல்லாத இடம்

குப்பை ஒதுங்கும் இடத்தை மேப்பில் குறித்து வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் போடச் சொன்னேன். தீபாவின் கையில் இருந்தது அவள் அப்பா செல்வம் கடலுக்கு எடுத்துப்போகும் போன். அவள் எதையோ அமுக்க, மீன் கிடைக்கும் இடங்கள் என்று அவர் வருஷக்கணக்காகக் குறித்து வைத்திருந்தது அத்தனையும் குழுவுக்குப் போய்விட்டது. குழுவில் இருப்பதெல்லாம் மற்ற படகுக்காரர்களின் போன்கள்!

தீபா அலறிய அலறலில், பக்கத்தில் வலை தைத்துக்கொண்டிருந்த செல்வம் ஓடிவந்தார். புகார் நிச்சயம் என்று தெரிந்துவிட்டது. அவர் கண்ணெதிரிலேயே எல்லாப் போனிலும் அழிக்கவைத்து, குழுவையும் அன்றோடு மூடினேன். ஒவ்வொரு போனாக வாங்கிப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "இன்னா டீச்சர் இப்டி பண்ட்டீங்க? எங்க அண்ணனாண்ட கூட அந்த எடத்த நான் சொன்னதில்ல!"

குப்பை எங்கே?

அவரவர் வீட்டுப் பக்கத்துக் கரையில், வாராவாரம் ஒரே இடத்தில் நின்று குப்பையைப் படம் எடுக்க வேண்டும், இதுதான் வீட்டுப்பாடம். மாதக் கடைசியில் தலைமையாசிரியையே கரைக்கு வந்து படங்களைக் கேட்டார். குழுவை மூடிவிட்டதால் நானும் அன்றுதான் பார்க்கிறேன். பெருக்கி விட்டது போல வெறும் மணல்! ஒரு பிளாஸ்டிக் கவர்கூட இல்லை.

"குப்பை எங்கே?" என்றார். நான் படங்களை மறுபடியும் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். தீபாதான் பதில் சொன்னாள்: "பொறுக்கிட்டோம் மிஸ். எங்க ஏரியாவ எல்லாரும் கலீஜாவே காட்றாங்க. நாங்களும் அப்டியேவா போட்டோ புடிப்போம்?"

அந்த நேரம் பார்த்து செல்வம் வந்து நின்றார். தொலைந்தோம் என்று நினைத்தேன். "மேடம், இப்பதான் வலைய காயப்போட சுத்தமா எடம் கீது. இந்த கிளாஸ நிறுத்திடாதீங்க" என்றார் மனுஷன். மேப் விஷயத்தைப் பற்றி மூச்சே விடவில்லை. தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "அடுத்த மாசம் எட்டாம் வகுப்பையும் கூட்டிட்டுப் போங்க டீச்சர். போனை மறந்துடாதீங்க!"

இவ்வளவு வெற்றிக்குப் பிறகும், குப்பையை எப்படிப் படம் எடுப்பது என்கிற பாடத்தை மட்டும் என்னால் இன்றுவரை நடத்தி முடிக்க முடியவில்லை.