குருபரப்பள்ளியில் ஒரு தலைகீழ் முக்கோணம்

பர்கூரில் நாத்தனார் வீட்டுப் புதுமனை புகுவிழா. கணவருக்கோ இடது கையில் மாவுக்கட்டு. அதனால் போன ஞாயிறு ஓசூரிலிருந்து காரை நான்தான் ஓட்டினேன். லைசென்ஸ் வாங்கி மூன்று மாதம். நெடுஞ்சாலைக்கு இதுதான் முதல் முறை. ஏறக்குறைய அறுபத்தைந்து கிலோமீட்டர்.

காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். யானைப் படம் போட்ட பலகையைக் கண்டு வேகத்தைக் குறைத்தேன். "பட்டப்பகல்ல எந்த யானை வரப்போவுது?" என்று பக்கத்து சீட்டிலிருந்து கணவர் சிரித்தார். பல வருடமாக ஓட்டுகிறவர். பலகைகளைப் பார்க்காமலே ஊர் போய்ச் சேர்ந்த தைரியம்.

குருபரப்பள்ளியில் இட்லி சாப்பிட்டுவிட்டு, சர்வீஸ் ரோட்டிலிருந்து மறுபடி பெரிய சாலையில் சேர வேண்டும். சேருமிடத்தில் சிவப்பு ஓரம் வைத்த தலைகீழ் முக்கோணம். தரையில் விட்டுவிட்டுப் போட்ட வெள்ளைக் கோடு, பாதி அழிந்திருந்தது. பெரிய சாலையில் வருகிறவர்களுக்கு வழி விடு என்று பொருள். நின்றேன். பின்னால் வந்த வேன்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.

"போ கவிதா, ஏன் நிக்கிற?"

"வண்டி வருதுங்க."

"இப்படியே நின்னா சாயங்காலம்தான் பர்கூர். போம்மா!"

போனேன். கல் ஏற்றிய லாரி ஒன்று பிரேக் அலற, உரசாத குறையாக நின்றது. காரை ஓரம் கட்டினேன். லாரி டிரைவர் இறங்கி வந்தார்.

"ஏம்மா, போர்டு கண்ணுக்குத் தெரியலயா? லோடு வண்டிம்மா இது. நெனச்ச எடத்துல நிக்குமா?"

நான் வாய் திறக்குமுன் கணவர் இறங்கிவிட்டார். "அவ நின்னுட்டுதாங்க இருந்தா. நான்தான் வெரட்டுனேன். நான் ஒக்காந்திருந்த எடத்துலருந்து உங்க வண்டி தெரியல."

டிரைவர் மாவுக்கட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஓட்டுறவங்கள ஓட்ட வுடுங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

காரை இங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸில் போகலாம் என்றேன். அவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். கொஞ்ச நேரம் கழித்து நானாகத்தான் வண்டியை எடுத்தேன். கிருஷ்ணகிரி சிக்னலில் வரிக்குதிரைக் கோட்டுக்கு முன்னால் நின்றபோதும் பின்னால் ஒரே ஹாரன். இந்த முறை அவர் வாயைத் திறக்கவில்லை.

இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு: ஃபாஸ்டேக்கில் காசு இருக்கட்டும். சர்வீஸ் ரோடு சேருமிடங்களில் கோடுகள் தேய்ந்திருக்கும், பலகையை நம்புங்கள். எண்கோணச் சிவப்பு என்றால் முழுதாக நிற்க வேண்டும். முக்கோணம் என்றால் வழி விட்டுப் போக வேண்டும். இதையெல்லாம் ஒரு வாரத்தில் படித்துவிடலாம். பின்னால் கேட்கும் ஹாரனுக்கு அசையாமல் நிற்கத்தான் எனக்கு நாளாகும் போலிருக்கிறது.

திரும்பும்போது சூளகிரி அருகே இன்னொரு சந்திப்பு. அவர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்.

"எம் பக்கம் ஒண்ணும் வரல. உம் பக்கம் பாத்துட்டு, உனக்குத் தோணுறப்ப எடு."