சுவருக்கு அந்தப் பக்கம் தூங்கியவளும் என் நைலான் தந்திகளும்

ஒரகடத்தில் ஒரு ஹோட்டலில் எங்கள் கம்பெனிக்கு ஒரு கூட்டம் இருந்தது. கார் கதவுகளுக்கு ரப்பர் பட்டை செய்கிற தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் எனக்கு வேலை. கூட்டம் தொடங்கத் தாமதமானதால் காபியோடு வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தேன். வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கும் ஹோட்டல் என்பதால் மெல்லிய சத்தத்தில் ஏதோ பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பெண் குரல், ஒரு கிதார், வேறு எதுவும் இல்லை. அந்தப் பெண் பாடுவது போலவே தெரியவில்லை. பக்கத்தில் இருப்பவரிடம் எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். கிதாரும் அப்படித்தான். கட்டைவிரல் தன்பாட்டுக்கு நடந்துகொண்டிருக்க, மற்ற விரல்கள் அதற்குக் கொஞ்சம் முன்னேயோ பின்னேயோ வந்து சேர்ந்துகொண்டன.

அது பிரேசில் நாட்டு இசை, போசா நோவா என்று பெயர் என்பதைக் கைபேசியில் தேடித் தெரிந்துகொண்டேன். அன்று கூட்டத்தில் என்ன பேசினார்கள் என்பது அவ்வளவாக நினைவில்லை.

கிதார் எனக்குப் புதிதல்ல. கல்யாணத்துக்கு முன் எங்கள் ஊர்ச் சர்ச்சில் பாடகர் குழுவுக்கு வாசித்தவள். ஆனால் அது எஃகுக் கம்பி போட்ட கிதார். கடைசி வரிசை வரைக்கும் கேட்க வேண்டும் என்று ஓங்கி அடித்து வாசிப்போம். இந்த இசைக்கு அது சரிப்படாது. நைலான் தந்தி கட்டிய கிளாசிக்கல் கிதார்தான் வேண்டும். என்னோடு வேலை பார்த்த ஒருவர் மாற்றலாகிப் புனே போகும்போது, மகன் தொடாமல் வைத்திருந்த கிதாரை விற்றுவிட்டுப் போனார். அதை நான் வாங்கிக்கொண்டேன்.

இருங்காட்டுக்கோட்டையில் நாங்கள் இருப்பது வரிசை வீடு. பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். வண்டியிலிருந்து கிதாரை இறக்கியதும் என் கணவர் தந்தியை ஒரு விரலால் இழுத்துப் பார்த்தார். அவர் ஒரு கம்பெனியில் இயந்திரப் பராமரிப்பு பார்க்கிறார். எதைக் கண்டாலும் இழுத்துப் பார்க்கிற பழக்கம் அவருக்கு உண்டு.

"இன்னாம்மா இது, மீன் புடிக்கிற நரம்பு மாரி கீது."

"அதே சாமான்தான்."

"அப்ப சத்தம் வருமா?"

வந்தது, ஆனால் நன்றாக இல்லை. பழைய தந்திகள். தடித்தவை மூன்றும் கறுத்துப்போய், தட்டினால் பலகையைத் தட்டியது போல இருந்தன. புதிது வாங்க நகரத்தில் ஒரு இசைக்கருவிக் கடைக்குப் போனோம். "ஸ்டீல் போட்டுக்கங்க மேடம், கணீர்னு கேக்கும்" என்றார் கடைக்காரர். எஃகுக் கம்பியின் இழுப்பை இந்த வகைக் கிதார் தாங்காது, தந்தி கட்டும் கட்டையே பிய்ந்து வந்துவிடும். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். பிறகு இணையத்தில் தேடித் தேடிப் படித்தேன். நைலானிலேயே இத்தனை வகை உண்டென்று அப்போதுதான் தெரிந்தது. பளிங்கு போல் இருப்பது, கறுப்பு நைலான், மேலே தேய்த்துச் சொரசொரப்பாக்கியது, கார்பன் என்கிற மெலிந்த வகை. இவை போக, இழுவிசையில் குறைவு, நடுத்தரம், அதிகம் என்று வேறு. கார்பன்தான் தெளிவாகக் கேட்கும் என்று நிறையப் பேர் எழுதியிருந்தார்கள். முதலில் அதைத்தான், தடித்த தந்திகளும் சேர்ந்த செட்டாக வரவழைத்தேன்.

கட்டியதும் உடனே வாசிக்க முடியாது என்பது இன்னொரு பாடம். நைலான் நீண்டுகொண்டே போகும். சுருதி சேர்த்துவிட்டுத் தண்ணீர் குடித்து வருவதற்குள் இறங்கியிருக்கும். "புது பெல்ட்டும் இப்டித்தான். ஓடி ஓடித்தான் செட் ஆவும்" என்று என் கணவர் ஆறுதல் சொன்னார்.

எனக்கு முதல் ஷிப்ட். நாலு மணிக்கு வீட்டில் இருப்பேன். முகம் கழுவி, டீ போட்டு, ஒரு மணி நேரம் வாசிப்பேன். தந்தி நிலைக்கு வந்து நாலைந்து நாள் போயிருக்கும். ஒரு சாயங்காலம் கதவு தட்டப்பட்டது. பக்கத்து வீட்டுப் பெண். தூத்துக்குடிப் பக்கத்துக்காரி, சுங்குவார்சத்திரத்துக்கு அருகில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை. சிரித்துக்கொள்வோமே தவிர அதிகம் பேசியதில்லை. கண்கள் சிவந்திருந்தன.

"அக்கா, ஒண்ணும் நெனச்சிக்கிடாதீங்க. இந்த மாசம் எனக்கு நைட் ஷிப்ட். பகல்லதான் தூங்குதேன்."

எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. இனிமேல் வாசிக்கவில்லை என்றேன்.

"ஐயோ, நிப்பாட்டச் சொல்லலக்கா. கொஞ்சம் மெதுவா."

அந்த வார்த்தை எனக்குள் நின்றுவிட்டது. மெதுவாக வாசிப்பதுதானே இந்த இசையே. பிரேசிலின் பெரிய நகரத்து அடுக்குமாடி வீடுகளில், அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு இல்லாமல் வாசித்துப் பழகியவர்களிடமிருந்து வந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். நானோ சர்ச்சில் ஓங்கி அடித்துப் பழகிய அதே கையால், கூர்மையான கார்பன் தந்தியை வைத்துக்கொண்டு அவளை எழுப்பிக்கொண்டிருந்தேன்.

மூன்று மெல்லிய தந்திகளையும் கழற்றிவிட்டுக் கறுப்பு நைலான் கட்டினேன். சத்தம் உருண்டு, இதமாகிவிட்டது. இப்போது தொந்தரவு இருக்காது என்று நினைத்தேன். ஆனால் அடுத்த வாரம் வாசலில் துணி எடுக்கும்போது பார்த்தால், அவள் கண்கள் இன்னும் சிவந்தே இருந்தன.

"இன்னும் கேக்குதாம்மா?"

அவள் தயங்கினாள். "கேக்குதுதான். ஆனா அந்தப் பாட்டு ஒண்ணுஞ் செய்யலக்கா. கேட்டுக்கிட்டே கண்ண மூடிருவேன். நடுவுல எலி கத்துத மாதிரி கீச்சுன்னு ஒண்ணு வருது பாருங்க, அதுக்குத்தான் முழிச்சிருதேன்."

எலியா? உள்ளே கூப்பிட்டேன். துணிக்கூடையை இடுப்பில் வைத்தபடியே வந்தாள். கிதாரை எடுத்து வாசித்தேன்.

"இதா?"

"இல்ல."

"இதா?"

இடது கையை மேலிருந்து கீழே நகர்த்தி அடுத்த பிடிக்குப் போனேன். "இந்தா, இதுதான்" என்றாள்.

கேட்டதும் எனக்கே சிரிப்பு வந்தது. தடித்த தந்திகளில் நைலான் இழைக்கு மேல் மெல்லிய உலோகக் கம்பியைச் சுற்றியிருப்பார்கள். புதிதாக இருக்கும்போது விரல் வழுக்கினால் அது கீச்சிடும். போசா நோவாவில் பிடி மாறிக்கொண்டே இருப்பதால் கீச்சும் வந்துகொண்டே இருக்கும். வாசிக்கிறவளுக்கு அது காதில் விழுவதில்லை. மெல்லிய தந்திகளை மாற்றி மாற்றிக் கட்டினேனே தவிர, தடித்தவை பக்கம் நான் திரும்பியே பார்க்கவில்லை.

மறுபடி தேடியதில், அந்தச் சுற்றுக் கம்பியை வழுவழுப்பாகத் தேய்த்து விற்கிறார்கள் என்று தெரிந்தது. கணீரென்ற ஒலி கொஞ்சம் குறையும் என்று எழுதியிருந்தது. எனக்கு அது குறைந்தால்தான் நல்லது. நடுத்தர இழுவிசையில் வரவழைத்தேன். மெல்லியவற்றில் முதல் இரண்டுக்கும் கறுப்பு நைலானை அப்படியே விட்டேன். மூன்றாவதில் நைலான் தடிமனாக இருந்து, கட்டை போல ஒலித்தது. அதற்கு மட்டும் கழற்றி வைத்திருந்த கார்பனைத் திரும்பக் கட்டினேன்.

அந்தக் கலவையில் முதன்முதலாக எல்லாம் பொருந்தின. கட்டைவிரல் இடும் அடி அடங்கி, நெஞ்சுக்கூட்டில் பட்டது. மற்ற மூன்று விரல்களும் சேர்ந்து இழுக்கும்போது எந்தத் தந்தியும் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கவில்லை. பிடியை மாற்றினால் ஒரு மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது.

சனிக்கிழமை அவளிடம் கேட்டேன்.

"வாசிச்சீங்களாக்கா? நா நேத்து அசந்துட்டேன். பஸ்ஸே போயிருக்கும், அலாரம் அடிச்சதால தப்பிச்சேன்."

இதைவிடப் பெரிய பாராட்டு எனக்குச் சர்ச்சில்கூடக் கிடைத்ததில்லை. என் கணவரிடம் சொன்னபோது, "கச்சேரில ஆள் தூங்குனா நீ சந்தோசப்படுற" என்றார். ஆமாம் என்றேன்.

அடுத்த மாதம் அவளுக்கும் பகல் ஷிப்ட் வந்தது. இப்போது சில நாள் நேராக எங்கள் வீட்டுக்கே வந்து, செருப்பை விட்டுவிட்டுத் தரையில் கால் நீட்டி உட்கார்ந்துகொள்கிறாள். நான் வாசிப்பேன். அவள் வீடியோ காலில் அம்மாவிடம் பேசுவாள், பூண்டு உரித்துக் கொடுப்பாள். போன வாரம் நாலாவது தந்தி அறுந்தது. எப்போதும் முதலில் போவது அதுதானாம். இந்த முறை எதையும் தேடிப் படிக்கவில்லை. அதே தந்தியைச் சொல்லிவிட்டேன், பார்சல் நாளை வருமென்று தகவல் வந்திருக்கிறது. அதுவரை ஐந்து தந்தியில் வாசிக்க முடிகிற மாதிரி ஒரு பாட்டைக் கண்டுபிடித்திருக்கிறேன். அவ்வளவு மோசமாக இல்லை.