வரி கட்டாத சர்பத்

எங்கள் இளைஞர் மன்றத்துப் படிப்பகத்தில் மழை நாளில் உள்ளே உட்கார்ந்தாலும் நனையலாம், வெளியே நின்றாலும் நனையலாம். உள்ளே செய்தித்தாள் உண்டு, அவ்வளவுதான் வித்தியாசம். பெருமழை இறங்குமுன் கூரை மாற்றியாக வேண்டும். அதற்காகத்தான் எழுபதுகளில் ஓர் ஆடிக் கிருத்திகைக்கு முருகன் கோயில் மலையடிவாரத்தில் ரோஸ் சர்பத் கடை போட்டோம்.

சாமந்தியும் வியர்வையும் மணக்க, காவடிகள் ஆடிக்கொண்டே மலையேறின. விற்பனை வரிக்காரர் மட்டும் மலை பக்கமே திரும்பாமல் கடை கடையாக வந்துகொண்டிருந்தார்.

"வரி கட்டணும் தம்பி."

"மூணு நாள் கடைங்க சார். கூரை போடறதுக்கு" என்றார் எங்கள் செயலாளர். அம்மையார்குப்பத்துத் தறிக்காரர் மகன்.

"அதான் தம்பி சிக்கல். நிரந்தரக் கடைன்னா வருஷ வியாபாரம் ஒரு அளவு தாண்டினாத்தான் வரி. வந்து போற வியாபாரிக்கு மொத ரூபாயிலேர்ந்தே வரி."

ஆண்டு முழுக்கக் கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்குச் சலுகை, மூன்று நாள் வெயிலில் நிற்பவனுக்கு வரி. அரசாங்கத்தின் கருணைக்கும் நிழல்தான் பிடிக்கும் போலிருக்கிறது.

"விக்காம சும்மா குடுத்தா?"

"சும்மா குடுத்தா வரி ஏது?" என்றவர், சட்டம் பேசி நா வறண்டதோ என்னவோ, ஒரு தம்ளர் வாங்கிக் குடித்தார். காசு தரவில்லை. எங்கள் இலவசத் திட்டத்தை அவரே தொடங்கி வைத்தார்.

உடனே அட்டை எழுதினோம்: 'சர்பத் இலவசம். நன்கொடை உங்கள் விருப்பம்.' நன்கொடைக்குச் செயலாளர் வீட்டுச் செப்புக் குடம் வந்தது. புழுதி விழாமலிருக்க அவர் அதன் வாயில் துணி கட்டி, காசு நுழைய ஒரு கீறல் போட்டார். தறிக்காரர் வீட்டில் துணிக்கா பஞ்சம்? கைக்கு அகப்பட்டது, புதுச் சாயம் மாறாத மஞ்சள் துண்டு.

வேண்டுதல் காசை மஞ்சள் துணியில் முடிந்துவைத்து, கிருத்திகையன்று மலையில் செலுத்துவது எங்கள் பக்கத்து வழக்கம். மஞ்சள் கட்டிய குடத்தைக் கண்டதும் முருகனே அடிவாரத்தில் கிளை திறந்துவிட்டதாக ஜனங்கள் நினைத்துக்கொண்டார்கள். நகரியிலிருந்து வந்த ஓர் அம்மாள் மகள் பிரசவத்துக்கு முடிந்துவைத்த காசை உள்ளே போட்டு, குடத்தைத் தொட்டுக் கும்பிட்டாள். நாங்கள் நீட்டிய தம்ளரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "பிரசாதமா நைனா?" என்றாள்.

"ஆங்" என்றான் எங்களில் ஒருவன்.

மூன்று நாளில் குடம் விளிம்பு தொட்டது. மனத்தில் கூரையே வேய்ந்துவிட்டோம். கடையைப் பிரிக்கும்போது செயலாளரின் அம்மா துணியை விலக்கிப் பார்த்தாள். சில்லறைக்கு நடுவே மஞ்சள் மஞ்சளாய் முடிச்சுகள்.

"இன்னாடா இது? சாமி காசுல கூரை போடப் போறியா?"

"முடிச்செல்லாம் மலைக்குக் குடுத்துடறோம்மா. சில்லறை நம்மது."

"சில்லறை போட்டவங்க மட்டும் கும்பிடாமயா போட்டாங்க? நீ பாத்துகினுதானே இருந்த?"

பார்த்துக்கொண்டுதான் இருந்தார். குடத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு படியேறினார். கூட்டம் 'அரோகரா' சொல்லி வழிவிட்டது. நாங்கள் பின்னாலேயே போனோம், கூரைக்குக் காரியம் செய்யப் போகிறவர்களைப் போல.

வரிக்காரர் கேட்டது ரூபாய்க்குச் சில காசு. முருகன் முழு ரூபாயையும் எடுத்துக்கொண்டான்.

அந்த வருஷம் மழை வழக்கத்துக்கு முன்பே வந்தது. படிப்பகத்தில் அதிகம் ஒழுகும் இடமாகப் பார்த்து, அந்தச் செப்புக் குடத்தை வைத்தோம். துணி கட்டாமலே நிரம்பியது.