ஜெயமலர் அக்கா மினுக்கிய காசு

ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில் ஜெயமலர் அக்கா வீட்டு வெள்ளிச் சாமான்களைப்போல வேறெந்த வீட்டுச் சாமானும் பளபளப்பதில்லை. வெள்ளிக்கிழமை வந்தால் போதும்; விளக்கு, சந்தனக் கும்பா, குங்குமச் சிமிழ் எல்லாம் புளியில் ஊறி, திருநீற்றில் தேய்பட்டு, முகம் பார்க்கலாம் போல் ஆகிவிடும். முதியோர் இல்லத்துச் சமையலறையில் நாள் முழுக்கச் சட்டி கழுவிவிட்டு வந்தும் அந்தக் கை ஓயாது. அந்தக் கைதான் குணநாயகம் அண்ணையின் உயிரை வாங்கியது.

அண்ணை அவருடைய கணவர். பஸ் ஓட்டுகிறார், பழைய காசு என்றால் பைத்தியம். அவரிடம் அருமையான காசு ஒன்றே ஒன்று இருந்தது. இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரில் முற்றுகைக்குள் அகப்பட்ட ஓர் ஊர், படைக்குச் சம்பளம் கொடுக்க வழியில்லாமல் வீட்டு வெள்ளிகளை வெட்டி அவசரமாக அடித்த காசு அது. வட்டம்கூட இல்லை, சாய்ந்த சதுரம். காலம் படிந்து கரி போன்ற கறுப்பு.

நாணயச் சங்கக் கண்காட்சியில் மற்றவர்கள் உட்கார வருடக்கணக்காகக் கதிரை அடுக்கியவருக்கு இந்த முறைதான் சொந்தமாக ஒரு மேசை கிடைத்தது. சனிக்கிழமை கண்காட்சி. கடவுள் கைவிடாமல் இருக்கட்டும் என்று முதல் நாளே காசைக் கொண்டுபோய்ச் சாமித் தட்டில் வைத்தார். அன்று வெள்ளிக்கிழமை என்பது மனிதருக்கு மறந்துபோயிற்று.

சனிக்கிழமை காலையில், அண்ணையைக் கண்காட்சிக்கு ஏற்றிப்போக அதே தெருவில் இருக்கும் நான் காரோடு போனபோது வீடு இழவு வீடு மாதிரி இருந்தது. சாமித் தட்டில் காசு பளபளத்துக் கிடந்தது; அண்ணை தலையில் கை வைத்துக் கத்திக்கொண்டிருந்தார்.

"என்னப்பா செய்தனீர்? உந்தக் கறுப்புத்தான் அதின்ர வயசு! மினுக்கின காசை ஒருத்தரும் திரும்பியும் பாராயினம்!"

"சாமித் தட்டில இருந்தால் மினுக்காமல் விடுறதோ? நீங்கள் நாலு பேருக்கு முன்னால தலை நிமிர்ந்து நிக்கோணும் எண்டுதானே கும்பிட்டனான்." அக்கா அழுதுகொண்டே குளிர்க்கோட்டை மாட்டினார். "நானும் வாறன். பேச்சு விழுந்தால் எனக்கு விழட்டும்."

கண்காட்சி மண்டபத்தில் சங்கத் தலைவி பிரிகிட்டே காசைக் கண்டதும் முகம் சுளித்தார். அக்கா முன்னே போய், தேய்த்தது தான்தான் என்று ஜெர்மனில் சொன்னார். தலைவி பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மண்டபமே திரும்பும்படி எல்லோரையும் கூப்பிட்டார்.

காசின் எழுத்துகளுக்கு நடுவே மெல்லிய கொடி, இரண்டு இலை, பாதியில் வெட்டுப்பட்ட பூ. கறுப்பு மூடியிருந்தவரை யார் கண்ணிலும் படாத வேலைப்பாடு. ஏதோ ஒரு வீட்டு வெள்ளித் தட்டின் விளிம்பில் வெட்டிய துண்டு அது. விலை பாதியாய்ப் போய்விட்டதுதான், ஆனால் இப்படி ஒன்றைத் தான் கையில் எடுத்ததே இல்லை என்றார் தலைவி.

அண்ணைக்கு வாயெல்லாம் பல். அரசர், ஆண்டு, எடை என்று விளக்கத் தொடங்கினார். அக்கா கண்ணாடியை வாங்கிக் குனிந்தார்.

"இது சாப்பாட்டுத் தட்டெல்லே! பாவம், இந்த வீட்டுக்காரி பிறகு எதில சாப்பிட்டவளோ?"

அதையே ஜெர்மனிலும் கேட்டார். கூட்டம் மேசையை நெருங்கி, அந்தப் பூவைப் பார்க்கக் குனிந்தது. அண்ணை எடையைச் சொல்லி முடிக்கவில்லை. தன் கதிரையை இழுத்து அக்காவுக்குப் போட்டார்.

"நீர் இதில இரும். நீரே சொல்லும்."

மதியம்வரை வரிசை குறையவில்லை. வந்தவர்கள் முற்றுகையை விட்டுவிட்டுத் தங்கள் அம்மாமாரின் தட்டுகளைப் பற்றி அக்காவோடு கதைத்தார்கள். பார்த்துக்கொண்டு நின்ற எனக்கே பெருமை தாங்கவில்லை. அண்ணையோ பக்கத்தில் நின்று, வருகிறவர் போகிறவரிடமெல்லாம், காசை மினுக்கியது தன் மனைவிதான் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.