ரிகார்டில் இருந்த பாலம்

சென்ற வாரம் ஆரணியிலிருந்து சேவூருக்கு மோட்டார் பஸ்ஸில் போனேன். ஓடைப் பக்கம் வந்ததும் என் இரண்டு கைகளும் என்னைக் கேட்காமலே முன்சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டன. பல்லைக்கூடக் கடித்துக்கொண்டேன். கடிப்பதற்கு மிச்சமிருக்கும் பற்கள் கொஞ்சம்தான் என்பது வேறு விஷயம். பஸ் ஒரு குலுக்கலும் இல்லாமல் ஓடைப் பாலத்தைத் தாண்டியது. பக்கத்துச் சீட்டில் குழந்தையோடு இருந்த பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா பெரியவரே, எதுக்கு இப்டி கெட்டியா புடிச்சிகினீங்க?"

பதில் சொல்ல வாயெடுத்தேன். பெட்ரோல் நாற்றத்துக்கு நடுவே எங்கிருந்தோ அரிசிக் கஞ்சியின் வாசனை வந்தது. பக்கத்தில் எங்கேயோ தறியில் ஏற்றும் பாவு நூலுக்குக் கஞ்சி போடுகிறார்கள். அந்த வாசனை வந்தால் எனக்குக் கன்னியம்மா நினைவுக்கு வந்துவிடுவாள்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. தாலுகா கச்சேரி வாசலில் புங்கமரத்தடியில் பலகை போட்டு உட்கார்ந்து மனு எழுதிக்கொண்டிருந்தேன். ஊரில் என்னை 'ரைட்டர்' என்றார்கள். கடுக்காய் மையும் கோழி இறகும்தான் என் ஆஸ்தி. ஆனால் தலைக்கனம் மட்டும் திவானுக்குரியது. மனு என்றால் நான் எழுதுவதுதான் மனு என்று ஒரு நினைப்பு. 'மகாராஜராஜஸ்ரீ எஜமான் அவர்கள் திவ்விய சமூகத்துக்கு' என்று தொடங்கினால் எஜமானுடைய கருணை, நீதி, குலம், கீர்த்தி எல்லாம் ஒன்றரைப் பக்கம் ஓடும். அதற்குப் பிறகுதான் மனுதாரன் இன்னாரென்று சொல்லுவேன். அவனுடைய குறை கடைசி வரியில், காகிதத்தில் இடம் இருந்தால், வரும். இதில் எனக்குப் பெருமை வேறு.

பங்குனியில் ஒரு நாள் கன்னியம்மா வந்தாள். சேவூர்க்காரி. ஆரணி நெசவுத்தெரு முழுவதற்கும் பாவுக்குக் கஞ்சி காய்ச்சித் தருகிறவள். கைகளில் எப்போதும் காய்ந்த கஞ்சி வெள்ளையாக ஒட்டியிருக்கும். வந்தவள் உட்காரவில்லை.

"ரைட்டரே, ஓடைப் பாலத்துக்கு மனு எழுதணும்" என்றாள்.

அந்தப் பாலத்தைப் பற்றி யாருக்கும் சொல்லவேண்டியதில்லை. சேவூரிலிருந்து ஆரணி தர்ம ஆஸ்பத்திரிக்கு வர அதுதான் நேர் வழி. நடுவில் ஒரு கமான் வளைவு இடிந்து, வண்டிச் சக்கரம் முழுசாக இறங்குகிற பள்ளமாகக் கிடந்தது. முந்தின ஐப்பசியில் கன்னியம்மாவின் மூத்த மகள் அஞ்சலைக்குப் பிள்ளை வலி கண்டு, குழந்தை குறுக்கே இருக்கிறதென்று வண்டியில் போட்டுக் கொண்டுவந்தார்கள். அந்தப் பள்ளத்தில் அச்சு முறிந்தது. வேறு வண்டி தேடி ஆள் ஓடித் திரும்புவதற்குள் அஞ்சலை பாலத்தின் மேலேயே போய்விட்டாள். வயிற்றில் இருந்ததும் போயிற்று. ஆஸ்பத்திரியின் ஓட்டுக்கூரை அங்கிருந்து கண்ணுக்குத் தெரியும்.

"இப்போ சின்னவளுக்கு நாளு தள்ளிப்போயிருக்கு. அவளுக்கும் ஐப்பசிதான்" என்றாள் கன்னியம்மா. "அதுக்குள்ள பாலம் ஆவணும். வேற ஒண்ணும் வேணாம்."

நான் எழுதினேன். என் வாழ்நாளிலேயே சிறந்த மனு என்று அன்றைக்கு நினைத்தேன். எஜமானைச் சந்திரனோடும் கற்பகத்தோடும் ஒப்பிட்டேன். பாலம் கடைசி வரியில் வந்தது. அஞ்சலைக்கு இடம் இல்லாமல் போயிற்று.

சித்திரையில் பதில் வந்தது. டிப்டி கலெக்டரின் கையெழுத்தோடு இரண்டே வரி: மேற்படி பாலம் சென்ற வருஷமே ரிப்பேர் செய்யப்பட்டதாக ரிகார்டில் இருப்பதால் மனு தள்ளப்பட்டது.

படித்துக் காட்டினேன். கன்னியம்மா கையில் காய்ந்திருந்த கஞ்சியை உரித்துப் போட்டாள். பிறகு கேட்டாள்: "அப்போ என் பொண்ண அந்த ரிகார்டு மேலயே இட்டுகினு வரட்டுமா?"

டிப்டி கலெக்டர் என் மனுவைக் கடைசி வரிவரை படித்திருக்கமாட்டார் என்பது அப்போதுதான் உறைத்தது. நானாக இருந்தாலும் படித்திருக்கமாட்டேன். ரோடு, பாலம் வேலைகளைப் பார்க்கிற ஓவர்சியர் சொன்னதைக் கேட்டுக் கையெழுத்துப் போட்டிருப்பார். வெட்கமாக இருந்தது. வேறு மனு எழுதித் தருகிறேன் என்றேன்.

"எழுதினது போதும் ரைட்டரே. அந்தக் காகிதத்த மட்டும் பத்திரமா வெச்சிருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வைகாசியில் நிலவரிக் கணக்குப் பார்க்கிற ஜமாபந்திக்கு டிப்டி கலெக்டரே ஆரணியில் முகாம் போட்டார். ஒரு நாள் காலை சேவூர் பார்க்கப் போவதாக ஏற்பாடு. இங்கே ஒரு சங்கதி சொல்லவேண்டும். சேவூருக்கு இன்னொரு வழி உண்டு. நெசவுத்தெரு வழியாகப் போய் ஏரிக்கரை மேல் சுற்றிக்கொண்டு போகவேண்டும். மழைக்காலத்தில் அந்தக் கரையில் வண்டி போகாது. கோடையில் போகலாம். எந்த அதிகாரி வந்தாலும் ஓவர்சியர் அந்த வழியாகத்தான் அழைத்துப்போவார். பாலத்தை ஒருவர் கண்ணிலும் காட்டியதில்லை.

நெசவுத்தெருவில் விடிந்ததும் பாவு விரிப்பார்கள். தெருவின் நீளத்துக்குப் பட்டிழையைக் கழிகளில் இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, வெயில் ஏறுமுன் காயவைப்பார்கள். அது காய்கிறவரை தெருவில் வண்டி கிடையாது. யாராக இருந்தாலும் தெருமுனையோடு திரும்பிவிடவேண்டும். ஈரத்தில் பாவைத் தூக்கினால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், மாதக்கணக்கான பிழைப்பு போய்விடும். அதனால் அதிகாரி வருகிற அன்றைக்கு மட்டும் பாவு விரிக்கவேண்டாமென்று முந்தின நாளே தண்டோரா போடுவார்கள். தெருவும் கேட்டுக்கொள்ளும்.

இந்தத் தடவையும் தண்டோரா போட்டார்கள். அன்று மாலை கன்னியம்மா வீடு வீடாகப் போனாள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரே பேச்சு: "நாளைக்குக் கஞ்சி காச்சப்போறேன். உங்களுக்கு வேணுமா, வாணாமா?"

வேண்டாமென்று ஒரு வீடும் சொல்லவில்லை. அஞ்சலையை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள், அம்மாவோடு கஞ்சிப் பானை தூக்கிக்கொண்டு அந்தத் தெருவில் வளர்ந்தவள்.

காலையில் டிப்டி கலெக்டரின் ஜட்கா தெருமுனைக்கு வந்து நின்றபோது, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பாவு. மஞ்சளும் அரக்குமாக. நானும் அங்கே நின்றேன், பதில் காகிதம் மடியில். கச்சேரி வாசலில் என் பலகை இனி இருக்காதென்றே நினைத்தேன். ஓவர்சியர் முகம் கறுத்துக் கத்தினார், "ஜல்தி எடுங்கடா" என்று. கையில் கஞ்சி தடவும் குச்சத்தோடு நின்ற வயதான நெசவாளி ஒருவர் ஜட்காவைப் பார்த்துக் கும்பிட்டார்.

"கஞ்சி போட்டாச்சிங்க எஜமான். இப்போ எடுத்தா அத்தனையும் பாழுங்க. பாலத்து வழியா போலாங்களே, அதான் ரிப்பேர் ஆயிட்சின்னு ரிகார்டுல கீதாமே."

டிப்டி கலெக்டர் ஓவர்சியரைப் பார்த்தார். ஓவர்சியர் குதிரையைப் பார்த்தார். "ரிப்பேர் ஆன பாலம்தானே, அப்படியே போகலாம்" என்றார் டிப்டி கலெக்டர்.

நானும் தெருக்காரர்களும் குறுக்கு வழியில் ஓடினோம். ஜட்கா பாலத்தில் ஏறிப் பாதி தூரம் வந்தது. அப்புறம் ஒரு பக்கம் சாய்ந்து சக்கரம் பள்ளத்தில் இறங்கியது. குதிரை நின்றுவிட்டது. டிப்டி கலெக்டர் தலைப்பாகையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். அக்கரையில் கன்னியம்மா நின்றிருந்தாள். கையில் கஞ்சி காயவில்லை.

"எஜமான், சரிபண்ணிட்டோம்னு எழுதியிருக்கீங்க. எங்க பண்ணியிருக்கீங்கன்னு காட்டுங்க. நாங்க அது மேலயே போயிக்கிறோம்" என்றாள். குரல் ஏறவில்லை. "என் பெரிய பொண்ணுக்கு அத காட்ட ஆளில்ல. இதோ நீங்க நிக்கிறீங்களே, அங்கதான் பூட்டா."

நான் காகிதத்தை நீட்டினேன். அவர் வாங்கிப் படித்தார், இரண்டு தடவை. இரண்டு வரி படிக்க அவ்வளவு நேரம் ஆகாது.

"என் கையெழுத்துதான்" என்றார்.

அவர் நல்லவரா கெட்டவரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் அந்த வார்த்தையைச் சொன்னார். ஆவணிக்குள் கட்டி முடியும் என்றும் சொன்னார். கன்னியம்மா நகரவில்லை.

"எழுதிக் குடுத்துட்டுப் போங்க. இந்தத் தபா பாத்துட்டு எழுதுங்க."

சாய்ந்து கிடந்த ஜட்காவின் படியில் காகிதத்தை வைத்து, அவர் சொல்ல நான் எழுதினேன். மகாராஜராஜஸ்ரீ இல்லை, சந்திரன் இல்லை. பாலம் இடிந்து கிடப்பதை நேரில் கண்டேன் என்பது முதல் வரி. இதில் அஞ்சலை என்கிற பெண் இறந்தாள் என்பது இரண்டாவது. அதை அவர் சொல்லவில்லை, நானாக எழுதினேன். அவர் படித்துப் பார்த்து, அந்த வரியை அடிக்காமல் கையெழுத்துப் போட்டார். நான் எழுதியதிலேயே உருப்படியான காகிதம் அதுதான்.

ஆனியில் கல் வந்தது. கஞ்சி வேலை முடிந்ததும் கன்னியம்மா நேரே பாலத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்வாள். சுண்ணாம்பைக் கையில் எடுத்துத் தேய்த்துப் பார்த்து, "இன்னும் அரைக்கணும்" என்பாள். பதம் பார்க்கத் தெரிந்த கை அல்லவா, கொத்தனார்கள் முனகிக்கொண்டே அரைத்தார்கள். ஐப்பசியில் கொட்டுகிற மழையில் சின்னவள் பார்வதியை ஏற்றிய வண்டி அதன்மேல் போயிற்று. ஆண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகமாக அதே பாலத்தின் வழியாக வீடு திரும்பினார்கள்.

இன்றைக்கு அந்தப் புங்கமரம் இல்லை. கடுக்காய் மை இல்லை. கன்னியம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். ஜட்காக்களும் போய்க்கொண்டிருக்கின்றன. எதற்கும் நான் பெரிதாக ஏங்குகிறவன் இல்லை.

பஸ்ஸில் அந்தப் பெண் இன்னும் பதிலுக்குக் காத்திருந்தாள்.

"இப்போ தாண்டினோமே, அந்தப் பாலத்துல பெரிய பள்ளம் ஒண்ணு இருந்துச்சிம்மா" என்றேன்.

"அங்கயா? எங்க இருந்துச்சி, காட்டுங்க பாப்போம்" என்று குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஜன்னல் வழியாகப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

நானும் எட்டிப் பார்த்தேன். எவ்வளவு பார்த்தும் அந்த இடம் எதுவென்று என்னால் காட்ட முடியவில்லை.