கத்திரிக்காய்க் குழம்பும் நீண்ட ஜெபமும்

என் மருமகளுக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. ஷூ கம்பெனியில் தையல் மெஷினுக்கு முன்னால் வருஷக்கணக்கில் குனிந்து உட்கார்ந்து வந்த வலி. "மெஷினை விட்டுட்டு வேற வேலை பாரும்மா" என்று வேலூர் பாகாயத்து ஆஸ்பத்திரி டாக்டர் சுலபமாகச் சொல்லிவிட்டார். எங்கள் மாதனூர்ப் பக்கத்தில் கம்பெனி பஸ்தான் வாசலுக்கு வரும், வேற வேலை வராது. வலிக்காகப் போட்ட லீவு முடியப் போகிற நேரத்தில் ஆம்பூரில் கேபிள் டிவி நடத்துகிற ஒருவர் வழி சொன்னார். ஒரு சமையல் நிகழ்ச்சியை எடுத்துக் கொண்டுவந்து காட்டச் சொன்னார். நன்றாக இருந்தால் சனிக்கிழமைதோறும் போடுவாராம், பாத்திரக்கடை விளம்பரத்திலிருந்து சம்பளமும் வருமாம். எடுக்கிற செலவு மட்டும் எங்களுடையது. நன்றாக இல்லையென்றால் அவள் மறுபடி மெஷினுக்கே போக வேண்டியதுதான்.

செலவுக்கு வழியில்லை. அதனால் "கூலி கிடையாது, சாப்பாடு உண்டு" என்று சொல்லி ஆள் சேர்த்தாள்.

கேமராவுக்கு அவளோடு வேலை செய்கிற பெண் வந்தாள். கம்பெனியில் அவள் செக்கர். முடிந்த ஷூவைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்து, தையல் கோணியிருந்தால் ஒதுக்கிப் போடுகிற வேலை. நல்ல போன் அவளிடம்தான் இருந்தது. லைட்டுக்குப் பக்கத்து வீட்டு பாயம்மா. அவள் வீட்டுக்காரர் கல்யாணங்களுக்கு லைட் போடுகிறவர். ஸ்டாண்டு எல்லாம் வாணியம்பாடிக் கல்யாணத்துக்குப் போய்விட்டதால் பாயம்மா லைட்டைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நிற்பதாக ஒத்துக்கொண்டாள். எங்கள் சமையலறை கரி பிடித்து இருட்டாக இருக்கும். எங்கள் சபையைச் சேர்ந்த டீச்சரம்மா, ரிட்டையர் ஆனவர், புதிதாக டைல்ஸ் போட்ட தன் சமையலறையைக் கொடுத்தார்.

கடைசியாக என்னிடம் வந்தாள்.

"அத்தே, நீங்க அடுப்பு பாத்துக்குங்க."

"என்னையும் படம் புடிப்பாங்களா?"

"கை மட்டும் தெரியும்."

"கையும் வேணாம்."

"சரி, கையும் தெரியாது. வாங்க."

யாராவது புதிதாக ஒருவர் வீட்டுக்கு வந்தாலே நான் பின்கட்டுக்குப் போய்விடுவேன். அவள் தோளை நினைத்துத்தான் போனேன்.

ஆம்பூரில் பிரியாணியை யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. அதற்குத் தொட்டுக்கொள்கிற கத்திரிக்காயை ஒழுங்காக வைக்கத்தான் பலருக்குத் தெரியாது. அதைச் செய்வதாக முடிவு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, சாப்பிட்டுவிட்டு எல்லாரும் கூடினோம். டீச்சரம்மா உள்ளறையில் படுத்திருந்தார். அவரை எழுப்ப வேண்டாமென்று நாங்களே ஆரம்பித்துவிட்டோம்.

"வணக்கம் நேயர்களே" என்று மருமகள் டிவிக்காரி மாதிரி கழுத்தைச் சாய்த்துப் பேசினாள். கேட்க எனக்கே கூச்சமாக இருந்தது. செக்கர் அவளைப் படம் பிடிக்கவில்லை. போனைக் கத்திரிக்காய்க்கு ஒரு சாண் தூரத்தில் கொண்டுபோய்க் காம்பை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, எம்மூஞ்சி எங்கடி?"

"மூஞ்சி எதுக்கு? சரக்கைத்தான பாக்கணும். இந்தா, இதுல ஓட்டை இருக்கு. ரிஜெக்ட்."

"பூச்சி இல்லடி, காம்பு வெட்டினது."

"ரிஜெக்ட்னா ரிஜெக்ட்தான்."

பாயம்மா சிரித்தாள், லைட் ஆடியது. "சீக்கிரம் முடிங்கம்மா, கை பேஜாராவுது" என்றாள்.

எள்ளும் வேர்க்கடலையும் அரைத்து ஊற்றிக் குழம்பு கொதித்துவந்த நேரத்தில் டீச்சரம்மா எழுந்து வந்தார். வாசற்படியிலேயே நின்றார்.

"இன்னா இது? ஜெபம் பண்ணாமலா ஆரம்பிச்சீங்க?"

வீடு அவருடையது, அடுப்பு அவருடையது, வாணலியும் அவருடையது. மருமகள் கரண்டியை வைத்தாள். எல்லாரும் தலை குனிந்து கண்ணை மூடினோம். அடுப்பை நான் குறைத்திருப்பேன் என்று அவள் நினைத்தாள். அவள் குறைத்திருப்பாள் என்று நான் நினைத்தேன்.

டீச்சரம்மா சபையில் ஜெபிக்க எழுந்தாலே பிள்ளைகள் தூங்கிவிடும். இங்கே அடுப்பை ஆசீர்வதித்தார், சிலிண்டரை ஆசீர்வதித்தார். ஷூ கம்பெனிகளுக்கு வெளிநாட்டு ஆர்டர் பெருக வேண்டினார். ஆஸ்பத்திரியில் இருக்கிறவர்களை வார்டு வார்டாக நினைத்துக்கொண்டார். குவைத்தில் இருக்கும் மகனின் விசாவுக்கு வந்தபோது எனக்கு வாசனை வந்தது. கடலை தீய்கிற வாசனை.

பக்கத்தில் மருமகள் மூச்சை இழுப்பது கேட்டது. அவளுக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் ஜெபத்தின் நடுவில் கண்ணைத் திறப்பதா? சின்ன வயதில் கிள்ளு வாங்கிப் பழகிய உடம்பு, இமை மேலே போக மறுக்கிறது. கண் திறந்திருந்தது பாயம்மாவுக்கு மட்டும்தான். புகை எழும்புவதை அவள் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறாள். "நீங்க சாமிகிட்ட பேசுறப்ப நான் எப்படிம்மா நடுவுல பேசுறது? கண்ணால எவ்ளோ ஜாடை காட்டினேன், யாரு பாத்தீங்க?" என்று பிறகு கேட்டாள்.

டீச்சரம்மா கேபிள்காரருடைய இருதயத்தை இளக்கும்படி வேண்ட ஆரம்பித்தார். இதைவிட்டால் மருமகளுக்கு மெஷின்தான். என்ன செய்கிறேன் என்று யோசிக்காமலே வாயைத் திறந்து கத்திவிட்டேன்:

"ஆமென்!"

ஒருவர் ஆமென் சொன்னால் மற்றவர்கள் வாய் தானாகச் சொல்லும். மருமகள் சொன்னாள், செக்கர் சொன்னாள். பேசிக்கொண்டிருந்த வார்த்தையை விட்டுவிட்டு டீச்சரம்மாவும் "ஆமென்" என்று கண்ணைத் திறந்தார். ஜெபம் முடிந்துவிட்டது.

சமையலறை முழுக்கப் புகை. செக்கர் இருமிக்கொண்டு நாலடி பின்னால் போனாள். அப்போதுதான் மருமகளின் முகம் முதல்முறையாகப் படத்தில் விழுந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை. வேறு கத்திரிக்காயும் கிடையாது. கோபத்தில் வணக்கமும் நேயர்களும் எங்கோ போய்விட்டார்கள்.

"யாரும் கரண்டி போடாதீங்க!" என்றாள். "அடி புடிச்சா கிண்டவே கூடாது. கிண்டினா மேல இருக்கறதும் நாறிப்பூடும். இங்க பாருங்க, மேலாக்க மட்டும் வேற சட்டியில சாய்ச்சிக்கணும். சுரண்டக் கூடாது. ஆசைப்பட்டுச் சுரண்டினீங்க, போச்சு." சாய்த்த குழம்பில் புளித்தண்ணீரும் துண்டு வெல்லமும் போட்டுக் கொதிக்கவிட்டாள். மோந்து பார்த்தாள். இன்னும் கொஞ்சம் கொத்தமல்லி கிள்ளிப் போட்டாள். பாயம்மாதான் முதலில் தொட்டு நக்கினாள். "நல்லாத்தான் கீது" என்றாள். சட்டியில் மீதி வைக்காமல் எல்லாரும் சாப்பிட்டோம், டீச்சரம்மா இரண்டு தரம் கேட்டு வாங்கினார்.

மறுநாள் கேபிள்காரர் பார்த்தார். காம்பு காம்பாக வந்தபோது கொட்டாவி விட்டார். புகை வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இது எங்க வூட்ல வாரா வாரம் நடக்குதும்மா. இதை எவனும் சொல்லித் தரலியே" என்றவர், சனிக்கிழமை மத்தியானத்தை அவளுக்கே கொடுத்துவிட்டார். அரை மணிக்குக் கொஞ்சம் குறைகிறது, வேறு ஏதாவது எடுத்தது உண்டா என்று கேட்டார். ஜெபம் இருந்தது. செக்கர் தலை குனிந்தபோது போனும் கூடவே குனிந்ததால் டைல்ஸும் எங்கள் கால் விரல்களும்தான் தெரிந்தன. சத்தம் மட்டும் சுத்தமாக இருந்தது. அவர் அதை முழுசாகப் போட்டுவிட்டார்.

மருமகள் கம்பெனிக்குப் போய் வேலையை விட்டுவிட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். டீச்சரம்மா தன் ஜெபம் டிவியில் வந்ததைக் குவைத் வரைக்கும் போன் போட்டுச் சொன்னார். எனக்குத்தான் வெளியே தலை காட்ட முடியவில்லை. மார்க்கெட்டில் கீரை விற்கிறவள் என் குரலைக் கேட்டு, "அந்த ஆமென் நீதானா?" என்று நாலு கடைக்குக் கேட்கிற மாதிரி கேட்டாள். கீரையை வாங்காமல் வந்துவிட்டேன்.

அடுத்த நிகழ்ச்சிக்கு மருமகள் கூப்பிட்டபோது, ஜெபம் நடக்கும்போது கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ள விட்டால் வருகிறேன் என்றேன். அவள் போய் டீச்சரம்மாவிடம் கேட்டாள். அவர் சொன்ன பதிலோடு திரும்பி வந்தாள்.

"சரி, ஒரு கண்ணை மட்டும் தொறந்து வெச்சிக்கட்டும்."